இருபது கிலோ

ஜூன் 3, திங்கள்

எழுதுவது என் பழக்கமல்ல. பிசியோதெரபிஸ்ட் சுடலைமணி சொன்னதற்காக எழுதுகிறேன். "தெனமும் வலது கையால பத்து வரி எழுதுங்க சிஸ்டர், வெரலு இளகும்" என்றான். என்ன எழுதுவது என்று கேட்டேன். "என்னத்தையாவது எழுதுங்க. நான் வாசிக்க மாட்டேன், வரிய மட்டும் எண்ணிக்கிடுதேன்." ஆகவே இது பயிற்சி. வேறொன்றும் இல்லை.

பெயர் எமிமாள். வயது ஐம்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எலும்பு ஆபரேஷன் தியேட்டரில், இருபத்தெட்டு வருடமாக நர்ஸ். ஏப்ரல் இரண்டாம் தேதி தியேட்டர் வாசலில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. தரை ஈரமாக இருந்தது. துடைப்பவர்கள் ஈரமே இல்லை என்கிறார்கள். அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிறது. கை நன்றாக இருக்கிறது. பத்து வரி ஆயிற்று.

ஜூன் 4, செவ்வாய்

பெரிய டாக்டர் ஆவுடையப்பன் கூப்பிட்டார். தியேட்டர் உடுப்போடு போனேன். உடுப்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இருக்காது.

"சிஸ்டர், மூணு மாசம் நம்ம அபினேஷோட ஆராய்ச்சியப் பாத்துக்கிடுங்க."

"தியேட்டர் ஸார்?"

"ஆகஸ்ட் முடியட்டும். வலது கை கிரிப் மீட்டர்ல இருபது கிலோ காட்டுனா மறுவாரமே தியேட்டருக்கு வந்துருங்க. காட்டலன்னா ஓ.பி.ல சீட்டு எழுதுத எடத்துல உக்காந்துக்கிடலாம். அலைச்சல் இல்லாத வேலை."

கிரிப் மீட்டர் என்றால் கைப்பிடி மாதிரி ஒரு கருவி. அமுக்கினால் கையில் எத்தனை கிலோ பலம் என்று முள் காட்டும். என் வயதுப் பெண்ணுக்கு இருபது என்பது சாதாரணம். நான் எலும்பு சிமெண்ட் கலக்குகிறவள். இடுப்பிலோ முழங்காலிலோ செயற்கை மூட்டு வைத்தால் அதை எலும்போடு ஒட்ட ஒரு பசை வேண்டும். பொடியையும் திரவத்தையும் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு நிமிடத்துக்குள் கட்டி விழாமல் கிண்டிக் கொடுக்க வேண்டும். பிந்தினால் கல்லாகிவிடும். கட்டி விழுந்தால் மூட்டு பிற்காலத்தில் ஆடும். "எமிமாள் கலக்குனா களிம்பு மாதிரி இருக்கும்" என்று பெரிய டாக்டரே வெளியூர் டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார். அலைச்சல் இல்லாத வேலை யாருக்கு வேண்டும்?

இருபதுதானே. காட்டிவிடலாம்.

ஜூன் 5

டாக்டர் அபினேஷ் எலும்பு மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிற பையன். பையன் என்றால் இருபத்தெட்டு வயது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஆராய்ச்சியை விளக்கினான்.

நர்ஸுகளுக்கு எலும்பு பலவீனமாக இருக்கிறது. காலையில் வெயில் வருமுன் ஏசிக்குள் போகிறோம், வெயில் போன பிறகு வெளியே வருகிறோம். ஆகவே நாற்பத்துநான்கு பேருக்கு வாரம் ஒரு பாக்கெட் பொடி, பாலில் கலந்து, ஞாயிறுதோறும், பன்னிரண்டு வாரம். பாதிப் பேர் பாக்கெட்டில் நிஜ வைட்டமின் டி, மீதிப் பேர் பாக்கெட்டில் வெறும் மாவு. நிறம், ருசி எல்லாம் ஒன்றுதான். பாக்கெட் மேல் எண் மட்டும் இருக்கும். எது மருந்து, எது மாவு என்று அபினேஷுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் மருந்தகத்தில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தம் எடுக்க வேண்டும், கிரிப் மீட்டரில் அமுக்க வைக்க வேண்டும்.

"இது சரியா முடிஞ்சாதான் சிஸ்டர் நான் பரீட்சை எழுத முடியும். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்றான். எந்தக் கையில் என்று சொல்லவில்லை.

ஜூன் 6

முதல் அளவு எடுத்தேன். ஷெர்லின், இருபத்தாறு வயது, நாசரேத்துப் பெண், இப்போது தியேட்டரில் என் இடத்தில் நிற்பவள். இருபத்தெட்டு கிலோ அமுக்கினாள். அமுக்கிவிட்டு, "கொறஞ்சிட்டோ சிஸ்டர்?" என்று கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. "பரவாயில்ல" என்றேன்.

எல்லாரும் போன பின் நானும் அமுக்கிப் பார்த்தேன். இடது 23. வலது 5. மீட்டர் பழசு.

ஜூன் 7

எல்லாருக்கும் எலும்பு அடர்த்தி ஸ்கேன். என்னையும் சும்மா படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். முடிவுகளை நோட்டில் ஏற்றினேன். என்னுடையது வந்தது. அந்த மெஷினும் பழசு.

ஜூன் 9, ஞாயிறு

முதல் பாக்கெட். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கொடுத்தேன். நாற்பத்துநான்கு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் தேவசகாயம் சோறு வடித்தார். என் வீட்டுக்காரர். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "பானை கனமா இருக்குட்டி, நான் வடிக்கேன்" என்று அவராகவே தூக்கிக்கொண்டு போனார். இரண்டு மாதமாக இதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு மனிதருக்கு ஓய்வு பெற்ற பிறகு ஏதாவது வேண்டும் இல்லையா.

ஜூன் 18

வலது 7.

ஜூன் 26

தியேட்டர் வழியாகப் போனேன். வழியில் இல்லைதான், இருந்தாலும் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் ஷெர்லின் கிண்ணத்தில் சிமெண்ட் கிண்டிக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து கிண்டுகிறாள். மணிக்கட்டிலிருந்து கிண்ட வேண்டும். சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு சொல்லவில்லை. அவள் நன்றாகக் கற்றுக்கொண்டால் என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? கெட்ட புத்தி. இந்தப் பக்கத்தைச் சுடலைமணி வாசிக்க மாட்டான் என்பதால் எழுதுகிறேன்.

ஜூலை 3

வலது 9. ஒரு மாதத்தில் நான்கு கிலோ. இந்தக் கணக்கில் ஆகஸ்ட் முடிவில் பதினேழு. மழை வந்தால் மூட்டு இளகும் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் மழை வருமா என்பது வேறு விஷயம்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

காலிப் பாக்கெட்டுகளைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஹாஸ்டலில் தங்கியிருக்கிற இருபத்திரண்டு பேரின் பாக்கெட்டுகளும் எப்போதும் ஒரே கட்டாக, ரப்பர் பேண்ட் போட்டு வரும். ஒழுங்கான பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். நேற்று நோட்டுப் பார்க்கும்போது போன வாரக் கட்டைக் கையில் எடுத்தேன். இருபத்திரண்டும் ஒரே மாதிரி, ஒரே கோட்டில், ஒரே கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. இருபத்திரண்டு பெண்கள் ஒரே மாதிரி எதையுமே வெட்ட மாட்டார்கள். அது போக, கட்டில் ஏலக்காய் வாசனை அடித்தது.

ஆகவே இன்று சொல்லாமல் ஹாஸ்டலுக்குப் போனேன். மெஸ் சமையல்காரி பூலம்மாள் பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷெர்லின் கத்தரியோடு நின்று பாக்கெட்டை ஒவ்வொன்றாக வெட்டிப் பாத்திரத்தில் கொட்டினாள். பூலம்மாள் கரண்டியால் கிண்டினாள். மற்றவர்கள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள்.

"என்னளா செய்தீங்க?" என்று கத்தினேன்.

யாரும் பயப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் எரிச்சல் வந்த இடம்.

"பால் குடிக்கோம் சிஸ்டர்" என்றாள் ஷெர்லின்.

"எல்லாத்தையும் ஒண்ணா கொட்டியா?"

"பெறகு? யாரு பாக்கெட்டுல மருந்து, யாரு பாக்கெட்டுல மாவுன்னு தெரியாதுல்லா. ஒருத்திக்கு எலும்பு வளந்து ஒருத்திக்கு வளராம போனா பாவம்லா சிஸ்டர். ஒரே ரூம்ல கெடக்கோம். அதான் மொத வாரமே பேசி, எல்லாத்தையும் கலக்கி ஆளுக்கொரு டம்ளர்னு வச்சுக்கிட்டோம். ஒரு சொட்டு கூடக் கொறைய இல்ல."

"அதுக்கு ஏலக்காய் வேற" என்றேன்.

"வெறும் பால எப்படி குடிக்க?" என்று பூலம்மாள் கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் கேட்டாள்.

நான் திட்டித் தீர்த்தேன். ஆராய்ச்சி என்றால் என்ன, ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்காமல் இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும், எல்லாரும் பாதி பாதி குடித்தால் ஒன்றும் தெரியாது, எழுதுகிற அளவு பொய்யாகிவிட்டால் அதைவிடக் குப்பை எதுவும் இல்லை, டாக்டர் அபினேஷ் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினேன். ஷெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சோம்" என்றாள்.

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இனிமேல் அவரவர் பாக்கெட்டை என் கண் முன்னால் அவரவர் குடிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்குப் பாத்திரத்தில் கொட்டியாகிவிட்டது. அதைக் குடித்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் தந்தார்கள். நன்றாக இருந்தது.

ஜூலை 15

அபினேஷிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஒரு பேச்சுக்கு, பாதிப் பேரு கணக்குல வராம போனா என்ன ஆகும் டாக்டர்?"

"மொதல்லருந்து தொடங்கணும் சிஸ்டர். மறுவாரமே தொடங்குனாதான் இந்த வருஷம் பரீட்சை எழுத முடியும்." சிரித்தான். "ஏன் பயமுறுத்துதீங்க?"

முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் மூன்று மாதம் நான் இந்த அறையில். அதற்குள் ஷெர்லின் மணிக்கட்டிலிருந்து கிண்டக் கற்றுக்கொள்வாள்.

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

ஜூலை 16

மதியம் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஆராய்ச்சி ஒழுங்கா போகுதா?"

"போகுது ஸார்."

மீதி ஆறு வாரம் ஒழுங்காகத்தான் போகும். நான் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

எல்லாரும் தனித்தனி டம்ளரில், என் முன்னால். பூலம்மாள் ஏலக்காய் போடவில்லை. எல்லாரும் என்னை வில்லியைப் போலப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

ஆகஸ்ட் 6

வலது 11.

ஆகஸ்ட் 10

வலது 11.

ஆகஸ்ட் 15

விடுமுறை. மீட்டரைச் சரிபார்ப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வந்தேன். தேவசகாயம் வாங்கி அமுக்கினார். நாற்பத்தொன்று காட்டியது. இடது கையிலும் அமுக்கினார். முப்பத்தெட்டு. அறுபத்திரண்டு வயது அவருக்கு.

"மீட்டர் நல்லாத்தானட்டி இருக்கு" என்றார்.

மீட்டரை வாங்கிப் பையில் வைத்தேன். பிறகு, "எமி, கை சரியாகலன்னா சொல்லேன். யாரும் ஒன்னைய கொறை சொல்ல மாட்டாவ" என்றார்.

"கை நல்லாத்தான் இருக்கு. நீங்க உங்க சோலியப் பாருங்க" என்றேன். அவர் எழுந்து போய்ச் சோறு வடித்தார்.

ஆகஸ்ட் 16

தேவசகாயத்தோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 17

பேசவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டியிருந்ததால் சாயங்காலம் பேசினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பன்னிரண்டாவது பாக்கெட். முடிந்தது. வலது 11. ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை அமுக்குகிறேன். கோபமாக அமுக்கினாலும் பதினொன்று, ஜெபம் செய்துவிட்டு அமுக்கினாலும் பதினொன்று. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

கடைசி அளவு. நாற்பத்துநான்கு பேரையும் அமுக்க வைத்து, அபினேஷ் பக்கத்தில் இருக்க, நான் எழுதினேன். எல்லாம் முடிந்தபோது அவனுக்கு அவசர வார்டிலிருந்து ஃபோன் வந்தது.

"சிஸ்டர், உங்க அளவையும் பெரிய டாக்டருக்கு அனுப்பணும்லா? நீங்களே அமுக்கி நீங்களே போட்டுருங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கதவைச் சாத்தினேன். அமுக்கினேன். பதினொன்று.

வலது: 20 என்று எழுதினேன். எழுத்து அழகாக வந்தது. மூன்று மாதம் எழுதிப் பழகிய பலன்.

செப்டம்பர் 2, திங்கள்

தியேட்டர். பச்சை உடுப்பு போட்டபோது மனசு நிறைந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். மயக்க மருந்து டாக்டர் கேக் வாங்கி வந்திருந்தார், கத்தியை என் கையில் கொடுத்தார்கள். கேக் மிருதுவானதுதான், வெட்ட முடிந்தது. ஷெர்லினை எனக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள். "நீங்க வந்ததுல எனக்கு நிம்மதி சிஸ்டர், சிமெண்ட் கலக்கும்போதெல்லாம் நெஞ்சு அடிச்சுக்கிடும்" என்றாள். நிஜமாகவே சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று சின்ன ஆபரேஷன்கள்தான். எலும்பில் தட்டு, திருகாணி வைக்கிறவை. சமாளித்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கை வலிக்கிறது. எழுதாமல் தூங்கவும் முடியாது.

முதல் கேஸ் மைதீன் பாத்து என்கிற அம்மாள். வயது அறுபத்தொன்று, மேலப்பாளையம், பீடி சுற்றுகிறவர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பந்து மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். இதில் ஆள் முழித்துத்தான் இருப்பார். முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு துணித் திரை, அவ்வளவுதான்.

கருவிகளை இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். பெரிய டாக்டர் நிமிராமலே, "என்ன சிஸ்டர், கட்சி மாறிட்டீங்க?" என்றார். சிரித்து வைத்தேன்.

எலும்பைத் துளைத்துக் கழுவித் துடைத்தார்கள். "சிமெண்ட்" என்றார்.

பொடியைக் கொட்டினேன். திரவத்தை ஊற்றினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கிண்டினேன். முதல் இருபது சுற்று கை சொன்னபடி கேட்டது. அதற்குப் பிறகு பசை இறுக ஆரம்பித்தது. முப்பதாவது சுற்றில் கரண்டி விரல்களிலிருந்து நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது. எடுத்தேன். இடது கைக்கு மாற்றினேன். இடது கைக்கு அந்த வேலை தெரியாது. கிண்ணத்தின் ஓரத்தில் பொடி காய்ந்த மாவாக ஒட்டிக்கொண்டே இருந்தது, நடுவில் கட்டி கட்டியாக வந்தது.

யாரும் பார்க்கவில்லை. டாக்டர் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியை நசுக்கி, மேலாக வழித்துக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. மூட்டு ஆடினால் ஐந்து வருடம் கழித்து ஆடும். அப்போது யார் கலக்கியது என்று யார் கேட்கப்போகிறார்கள்? இதெல்லாம் ஒரு விநாடியில் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

"ரெடியா சிஸ்டர்?"

"இல்ல ஸார்."

தலை நிமிர்ந்தார்.

"கட்டி விழுந்துட்டு ஸார். இத உள்ள வைக்கக் கூடாது. வேற பாக்கெட் ஒடைக்கச் சொல்லுங்க. ஷெர்லின் கலக்கட்டும். என்னால முடியல. என் கையில பலம் இல்ல."

ஷெர்லின் என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தை நகர்த்தி இடம் விட்டேன். புதுப் பாக்கெட் உடைத்தார்கள்.

அவள் முழங்கையிலிருந்து கிண்ட ஆரம்பித்தாள். "மணிக்கட்டுலருந்துளா" என்றேன். "சின்னதா சுத்து. ஓரத்த வழி. இன்னும் வேகமா. நிறுத்தாத. இப்போ மேலருந்து கீழ. போதும், குடு." களிம்பு மாதிரி வந்தது. பெரிய டாக்டர் வாங்கி வைத்தார். மூட்டு உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் கூடுதல், வேறொன்றும் ஆகவில்லை.

முடிந்த பிறகு கை கழுவுகிற இடத்தில் கேட்டார். "இருபதுன்னு எழுதியிருந்துச்சே?"

"நான் எழுதுனது ஸார்."

"மீட்டர் என்ன காட்டுச்சு?"

"பதினொண்ணு."

குழாயை மூடினார். "நாளையிலருந்து தியேட்டருக்கு வர வேண்டாம் சிஸ்டர்." மெதுவாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

செப்டம்பர் 4

அபினேஷ் அறைக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "சிஸ்டர், மத்தவங்க அளவும் இப்படித்தானா?"

"அதெல்லாம் நெசம். நீங்களும் கூட இருந்தீங்க. ஆனா வேற ஒண்ணு இருக்கு." பால் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். இருபத்திரண்டு பேர், ஆறு வாரம், ஒரே பாத்திரம்.

பேனாவை மூடி வைத்தான். பிறகு, "ஏலக்காயுமா போட்டாங்க?" என்றான்.

"ஆமா."

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும் இல்லை.

"ஜூலையிலயே சொல்லியிருந்தா மறுவாரமே புதுசா ஆரம்பிச்சிருப்பேன் சிஸ்டர்."

"தெரியும். என் எடம் போயிருமேன்னு சொல்லாம இருந்தேன். தப்புதான். ஒங்க ஒரு வருஷத்தக் கெடுத்துட்டேன்." வேறு என்ன சொல்ல? மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னித்ததாக அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நோட்டைப் புரட்டிக்கொண்டே போனவன் ஸ்கேன் பக்கத்தில் நின்றான். "இது ஒங்களோடதா? இவ்வளவு கொறஞ்சிருக்கே. மருந்து யாரு எழுதுனா?"

"யாரும் எழுதல. யாருக்கும் காட்டல."

"மூணு மாசமாவா? எலும்பு ஆராய்ச்சி ரூம்ல உக்காந்துக்கிட்டா?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. சீட்டை எடுத்து மருந்து எழுதினான். அதைக் கையில் திணித்துவிட்டு, "சாயங்காலம் வாங்கலன்னா ஒங்க வீட்டுக்கு ஃபோன் போடுவேன்" என்றான். திட்டுகிறவர்கள் மேல்தான் எனக்கு எப்போதும் மரியாதை வரும்.

ஏப்ரல் இரண்டாம் தேதி தரை ஈரமாக இல்லை. என் செருப்பே தடுக்கித்தான் விழுந்தேன். துடைப்பவர்களிடம் இன்று போய்ச் சொன்னேன். "அப்பவே தெரியும்" என்றார்கள்.

செப்டம்பர் 5

தேவசகாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாரத்துக்கு ஒண்ணா? வெறும் வயித்துலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒவ்வொரு வியாழக்கிழமையையும் பேனாவால் வட்டம் போட்டார். டிசம்பர் வரை போட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

திங்கள் முதல் ஓ.பி.யில் சீட்டு எழுதும் இடம். உத்தரவு வந்துவிட்டது.

இன்று வேலை எதுவும் தரவில்லை. வார்டுக்குப் போனேன். சுடலைமணி மைதீன் பாத்துவை எழுப்பி நிற்க வைத்துக்கொண்டிருந்தான். வாக்கர் ஒரு பக்கம், மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை. "சிஸ்டர், ஒரு கை குடுங்க" என்றான். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அந்த அம்மாள் பிடிப்பதற்குள் இழுத்துக்கொண்டேன். "இந்தக் கை வேண்டாம்மா, இதுல பிடி இல்ல. அந்தப் பக்கம் வாரேன்" என்று சுற்றிப் போய் இடது கையைக் கொடுத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான்கு அடி நடந்தார். பிறகு கட்டிலில் உட்கார வைத்தோம். சுடலைமணி அடுத்த ஆளைப் பார்க்கப் போனான்.

மைதீன் பாத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள ஒருத்தி கையில பலம் இல்லன்னு சொன்னாளே, அது நீதானம்மா? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்."

"நான்தான். மன்னிச்சுக்கிடுங்க. ஒங்களுக்கு அஞ்சு நிமிஷம் கூடிப்போச்சு."

"அட போம்மா. துணிக்கு இந்தப் பக்கம் கெடந்து நான் வெடவெடன்னு நடுங்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம், துளை போடுத சத்தம். கேட்டா எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொல்லுதாவ. ஒண்ணுமில்லன்னா இத்தன பேரு எதுக்கு? நீ முடியலன்னு சொன்ன பாத்தியா, அப்பதான் எனக்குப் பயம் போச்சு. சரி, உள்ளத உள்ளபடி சொல்லுத ஆளு ஒண்ணு நம்ம பக்கம் நிக்குன்னு கண்ண மூடுனேன். அப்படியே தூங்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. வார்டில், எல்லார் முன்னாலும், முந்தானையை எடுத்துத் துடைக்கக்கூட முடியாத நர்ஸ் உடுப்பில் அழுதேன். அவர் தன் தலைத்துணியின் நுனியை எடுத்து நீட்டினார். துடைத்துக்கொண்டேன்.

"இனி எங்க போட்டிருக்காவ ஒன்னைய?"

"ஓ.பி.ல. சீட்டு எழுத."

"அப்ப நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் காட்ட வருவேன்லா. மொத சீட்டு எனக்குப் போட்டு வச்சிரு."

அது முடியாது, எல்லாரையும் போல வரிசையில்தான் வர வேண்டும் என்று சொன்னேன்.